படுக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பது: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நர்சிங் முடித்த பிள்ளைகள் வருடா வருடம் புதிதாக டியூட்டிக்கு வருகிறார்கள். ஊசி போட, டிரிப் ஏற்ற, பி.பி. பார்க்க, கேஸ் ஷீட் எழுத என்று எல்லாம் ஓரளவு தெரிந்துதான் வருகிறார்கள். ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கை எங்கே வைப்பது, வாய் என்ன பேசுவது என்று தெரியாமல் திணறுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதலாண்டில் அமெரிக்கச் செவிலியர் ஜீன் வாட்சனின் மனிதப் பேணல் கோட்பாட்டை மனப்பாடம் செய்து, நோயாளியைப் பேணுவதற்கு அதில் அவர் சொல்லும் பத்துக் காரணிகளையும் வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கினேன். வார்டில் அது எதற்கு ஆகும் என்று அப்போது விளங்கவில்லை. பல வருட நைட் டியூட்டிக்குப் பிறகு விளங்கியதை, நீங்கள் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். ஒரு செவிலியருக்கு நாற்பது நோயாளி இருக்கும் வார்டில் நானும் நின்றிருக்கிறேன். இங்கே சொல்லும் எதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். எப்படியும் படுக்கைக்குப் போகத்தான் போகிறீர்கள், எப்படியும் ஊசி போடத்தான் போகிறீர்கள். அந்த இரண்டு நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இதில் உள்ள விஷயம்.

முதலில் நான்கு சொற்கள்

செவிலியக் கோட்பாடு எதை எடுத்தாலும் மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம் என்ற நான்கைச் சுற்றியே நடக்கும். அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் ஃபாசெட் 1984இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த நான்கும் பாடமாக நிலைபெற்றன. பரீட்சையில் 'மெட்டா பாரடைம்' என்று கேட்பது இதைத்தான்.

நமக்கு இது புதிதும் இல்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்கிறார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து கவனிப்பவர்தான் உழைச்செல்வான். நம் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

மனிதர் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். வார்டில் "மூணாம் பெட் அப்பெண்டிக்ஸ்", "அந்த விஷம் குடிச்ச கேஸ்" என்று பேசிப் பேசி, அங்கே படுத்திருப்பவருக்கு ஒரு பெயர் இருப்பதே மறந்துவிடுகிறது. பாப்பாரப்பட்டிப் பக்கம் போனால் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பாருங்கள். சிறையில் தொழுநோய் வந்தவர் அவர். ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடை போட்டபோது, நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925இல் பாப்பாரப்பட்டியில்தான் இறந்தார். தடை போட்டவர்கள் கண்ணுக்கு அவர் ஒரு நோயாக மட்டும் தெரிந்தார். இன்றைக்கும் தொழுநோயாளிக்கு ஊசி போடும்போது சில கைகள் கூசுவதைப் பார்க்கிறேன். மருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டவரிடமிருந்து தொழுநோய் தொற்றுவதில்லை. அது தெரிந்த கை கூசக் கூடாது.

சூழல் என்றதும் ஜன்னல், வெளிச்சம், காற்று என்று எழுதுவோம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கற்றுக்கொடுத்ததும் அதுதான். சத்தத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்: நோயாளி காதில் பாதி விழுகிற மாதிரி குசுகுசுவென்று பேசுவது அவருக்குக் கொடுமை என்று. நர்ஸ் மேசையில் நின்று ரிப்போர்ட்டைப் பற்றித் தணிந்த குரலில் பேசும்போது எதிர்ப் படுக்கையில் இருப்பவர் முகத்தை ஒரு முறை பாருங்கள், புரியும்.

நம் மாவட்டங்களில் சூழல் என்பது வார்டுக்கு வெளியேயும் நீள்கிறது. இங்கே பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இது ஒரு பெரிய காரணம். முதுகு வளையாத பெரியவர் வலி மாத்திரைக்கு வந்து நின்றால், "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்பார். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. இதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், அவருடைய பேத்தி சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டால், அந்தக் கறைக்காகத்தான் மூடுகிறாள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்லைப் பற்றிய பேச்சை எல்லார் முன்னாலும் எடுக்காதீர்கள்.

உடல்நலம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மலாக இருக்கும், ஆளுக்குத் தூக்கம் இருக்காது. இன்னொருவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கும், காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திடமாக இருப்பார். அவரவர் எதை நலம் என்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது சொல்லான செவிலியத்துக்குத்தான் வாட்சன் வருகிறார்.

வாட்சன் சொன்னது

ஜீன் வாட்சன் 1940இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியப் பேராசிரியராக இருந்தவர். 1979இல் வந்த முதல் நூலில் தன் கோட்பாட்டை வைத்தார். மருத்துவம் செய்வது குணப்படுத்தல். செவிலியர் செய்வதற்கும் ஒரு தனிப் பெயர் வேண்டும் என்று 'கேரேட்டிவ்' என்ற சொல்லை உண்டாக்கினார். நாம் பேணல் என்று வைத்துக்கொள்ளலாம். நோய் தீராத இடத்திலும் பேணல் உண்டு. பிற்பாடு இந்தப் பத்துக் காரணிகளையே விரித்து 'காரிட்டாஸ்' என்ற லத்தீன் சொல்லால் அழைத்தார். அருமையாகப் போற்றுவது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்.

எனக்கு மிகவும் உதவியது அவர் செய்த ஒரு பிரிவினை. ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங், சார்ட் எல்லாம் செவிலியத்தின் வெளிப்பக்கம் என்றார். நோயாளிக்கும் செவிலியருக்கும் நடுவே நடப்பது உள்ளீடு என்றார். மரத்துக்கு மேல்பட்டையும் வேண்டும், நடுவில் வைரமும் வேண்டும். பட்டை உரிந்தாலும் மரம் சாகும். எனவே "நான் அன்பாக இருக்கிறேன், ஊசி சரியாகப் போடாவிட்டால் என்ன?" என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை. பத்துக் காரணிகளில் ஆறாவது அறிவியல் முறையில் யோசித்து முடிவெடுப்பது. அன்பும் கணக்கும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்றும் அவர் சொன்னார்: பேணும் தருணம். செவிலியர் ஒரு வாழ்க்கையைச் சுமந்து வருகிறார், நோயாளி இன்னொரு வாழ்க்கையைச் சுமந்து கிடக்கிறார். இரண்டும் சந்திக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறோம் என்று இருவருமே தேர்ந்தெடுக்கிறார்கள், இருவருமே அதனால் மாறுகிறார்கள். அவருடைய பிற்கால எழுத்தில் ஆற்றல், பிரபஞ்சம் என்று வரும் பகுதிகள் எனக்கு முழுதாக வசப்படவில்லை. தொடக்கத்தில் நீங்கள் அதை விட்டுவிடலாம். தருணம் என்ற ஒன்றை மட்டும் விடாதீர்கள்.

1997இல் ஒரு விபத்தில் வாட்சனுக்கு ஒரு கண் போயிற்று, அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். கோட்பாடு எழுதியவர் அதன் மறுபக்கத்தில் படுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் அவர் இதைக் கைவிடவில்லை என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை கூடியது.

சரி, இனி வார்டு.

படி 1: கை தேய்க்கும் நேரம்

ஹேண்ட் ரப் போட்டுக் கை தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்தாக வேண்டும், நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள். அந்த விநாடிகளில் முந்தின படுக்கையை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். அங்கே ஒருவர் உங்களைத் திட்டியிருக்கலாம், வெயின் கிடைக்காமல் மூன்று முறை குத்தியிருக்கலாம். அந்தப் படபடப்போடு அடுத்தவரிடம் போனால் குற்றமே செய்யாதவருக்கு அது போய்ச் சேரும். கையைத் தேய்த்துக்கொண்டே ஒரு மூச்சு இழுத்து விட்டு, போகப்போகிறவரின் பெயரை மனதுக்குள் ஒரு முறை சொல்லுங்கள். தன்னையும் பிறரையும் உணர்ந்திருப்பது என்று வாட்சன் மூன்றாவதாகச் சொல்வதை நான் இப்படித்தான் பழகினேன்.

படி 2: பெயர், முறை, மொழி

கேஸ் ஷீட்டைப் பார்க்கும் முன் முகத்தைப் பாருங்கள். பெயரைக் கேட்டுச் சரிபாருங்கள், மருந்து மாறாமல் இருக்கவும் அது வேண்டும். அதற்குப் பிறகு அம்மா, ஐயா, தாத்தா, பாட்டி, அண்ணா, அக்கா என்று எது பொருந்துமோ அப்படிக் கூப்பிடுங்கள். கிராமத்திலிருந்து வந்தவர், அழுக்கு வேட்டி கட்டியவர் என்பதற்காக "ஏய், எழுந்திரு" என்று ஒருமையில் பேசுவது நம் வார்டுகளின் பழைய வியாதி. உங்கள் தலைமுறையோடு அது ஒழியட்டும். அவர்கள் உங்களைச் "சாமி", "கண்ணு" என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்குத் தகுதியாக நடந்துகொள்வோம்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் போஸ்டிங் கிடைத்தால் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் நிறைய வருவார்கள். தமிழ் பேசுவார்கள்தான், ஆனால் வலி வரும்போது வாயில் வருவது தாய்மொழிதான். "எக்கட நொப்பி?" என்று தெலுங்கில், "எல்லி நோவு?" என்று கன்னடத்தில் எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். பதில் முழுதாகப் புரியாவிட்டாலும் அவர்கள் கை வலிக்கிற இடத்தைக் காட்டிவிடும், முகத்தில் இருந்த பயமும் பாதி குறையும்.

படி 3: என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்

நான்காவது காரணி உதவியும் நம்பிக்கையும் கலந்த உறவு. கேட்கப் பெரிதாக இருக்கும். நடைமுறையில் அது மூன்று வாக்கியம்.

பாம்புக் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைக் காட்டில், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர்களை ராத்திரி பத்து மணிக்கு அள்ளிக்கொண்டு வருவார்கள். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். உறையாவிட்டால் ரத்தத்தில் விஷம் வேலை செய்கிறது என்று தெரியும், விஷமுறிவு மருந்து தொடங்குவார்கள். நமக்கு இது பழகிய சோதனை. வெளியே நிற்கிற மனைவிக்கோ, ரத்தத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்றுதான் தெரியும். 20 நிமிடம் அவர்களுக்கு ஒரு யுகம். கூச்சல் வரும், சில சமயம் கைகலப்பும் வரும்.

அவர்களிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, ரத்தம் உறையுதான்னு பார்க்க வெச்சிருக்கோம். அசைக்காம இருபது நிமிஷம் இருந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவரைப் பார்க்கிறேன்." சொன்னபடி பார்க்கவும் வேண்டும். சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இரண்டாவது காரணியான நம்பிக்கையூட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். "ஒன்னும் ஆகாது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது நம்பிக்கையூட்டல் ஆகாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் வார்த்தையை அப்புறம் யார் கேட்பார்கள்? நடப்பதைச் சொல்லலாம், நாம் செய்யப்போவதைச் சொல்லலாம். அவர்களுடைய நம்பிக்கைக்கும் இடம் விடலாம். ஆபரேஷனுக்கு அனுப்பும்போது கையில் கட்டிய மந்திரித்த கயிற்றைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்லி, கேட்டு, அவிழ்த்து, ஒரு காகிதத்தில் மடித்து வீட்டாள் கையில் கொடுங்கள். அரை நிமிட வேலை.

படி 4: முதலில் மூச்சு, தண்ணீர், கழிவு

இந்தப் படியில்தான் நான் தவறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்பதாவது காரணி மனிதத் தேவைகளை நிறைவேற்ற உதவுவது. வாட்சன் அதிலும் ஒரு வரிசை வைத்திருக்கிறார். சாப்பாடும் நீரும், கழிவு வெளியேறுவது, மூச்சு ஆகியவை அடியில். உறவும் சாதனையும் மேலே. அடியில் இருப்பதால் தாழ்ந்தது என்று பொருளில்லை, அஸ்திவாரம் என்று பொருள். பெட்பேன் வைப்பது ஆயாவின் வேலை, நம் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு நாமெல்லாம் படித்து முடிக்கிறோம்.

என் முதல் வருடம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், முதல் பிரசவம். சுகப் பிரசவம்தான். சிறுநீர் போனாளா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். 'போனாள்' என்று ஷீட்டில் எழுதிவிட்டு நகர்ந்தேன். ஐந்து மணி நேரம் கழித்து ரத்தப்போக்கு அதிகமாக இருப்பதைச் சீனியர் அக்காதான் பார்த்தார். வயிற்றில் கை வைத்தவர் உடனே சொன்னார்: "மூத்திரப் பை நிறைஞ்சு கிடக்கு." பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது, சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. பாடத்தில் நான் படித்ததுதான்.

அக்கா அவளைத் திட்டவில்லை, என்னையும் அப்போது திட்டவில்லை. அவள் காதருகில் குனிந்து ஏன் போகவில்லை என்று கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரியின் அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஸ்கிரீன் இல்லை. கழிவறைக்கு நடக்க அவளுக்குத் தலை சுற்றியது, அதைச் சொல்லவும் வெட்கம். அக்கா அந்த ஆளை வெளியே அனுப்பினார், ஸ்கிரீனை இழுத்து வந்தார், பெட்பேன் வைத்தார், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்கச் செய்தார். சில நிமிடத்தில் போய்விட்டாள். கருப்பையை நீவிவிட்டு, ஊசியும் போட்டபின் ரத்தம் கட்டுப்பட்டது. பிள்ளையோடு நல்லபடியாக வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றியதில் அந்த ஸ்கிரீனுக்கும் பங்கு உண்டு. நான் கேள்வி கேட்டேன், ஆனால் பதில் சொல்ல அவளுக்கு இடம் தரவில்லை. பிரசவம் ஆன பெண் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போயாக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தலையாட்டலை நம்பாதீர்கள். எங்கே போனாள், யார் கூட்டிப்போனார்கள், எவ்வளவு போனது என்று கேளுங்கள், அடிவயிற்றில் கை வையுங்கள். எட்டாவது காரணி, உடலுக்கும் மனத்துக்கும் பாதுகாப்பான சூழலை அமைப்பது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சைத் துணி ஸ்கிரீன்தான் நினைவுக்கு வரும்.

படி 5: அழ விடுங்கள்

ஐந்தாவது காரணி நல்ல உணர்ச்சியும் கெட்ட உணர்ச்சியும் வெளிப்பட இடம் கொடுப்பது. நம் பழக்கம் நேர்மாறானது. "அழாதே, பச்சை உடம்பு", "தைரியமா இரு" என்று உடனே மூடிவிடுவோம்.

பெண் சிசுக் கொலையின் கதை நம் மாவட்டத்தின் ஆறாத புண். வேண்டாம் என்று விடப்படும் குழந்தையை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. காலம் நிறைய மாறிவிட்டது. ஆனாலும் இரண்டாவதும் பெண் என்றதும் வராந்தாவில் மாமியார் முகம் வாடுவதை இன்றும் பார்க்கலாம். குழந்தையைக் காட்டும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். "பொண்ணுதாங்க" என்று இழுத்தால் அந்த 'தாங்க'வில் எல்லாம் போய்விடும். "பொண்ணு பொறந்திருக்கா, மூணு கிலோ, நல்லா அழுதா" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். எல்லா மனிதரையும் மதிக்கும் மனப்பாங்கு என்ற முதல் காரணி உங்களிடம் இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

தாய் அழுதால் உபதேசம் செய்யாதீர்கள். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அழுபவள் குழந்தையை வெறுப்பவள் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள், அடங்கியதும் குழந்தையை மார்பில் வையுங்கள். அதே சமயம் கண்ணைத் திறந்து வையுங்கள். பால் கொடுக்க மறுக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், வீட்டார் குழந்தையை ஒதுக்குகிறார்கள் என்றால் டாக்டரிடம் சொல்லி, ஷீட்டில் எழுதி, ஊரில் உள்ள கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போக வையுங்கள்.

படி 6: கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்

சர்க்கரை நோயாளியிடம் "களி சாப்பிடாதீங்க" என்று சொன்னால் நம் ஊரில் எடுபடாது. கேழ்வரகுக் களி சர்க்கரையை ஏற்றாது என்பது இங்கே பலருடைய உறுதியான எண்ணம். ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை, எவ்வளவு பெரியது, தொட்டுக்கொள்ள என்ன என்று முதலில் கேளுங்கள். கையாலேயே காட்டுவார்கள். அளவு கூடினால் களியும் ஏற்றும் என்பதை அந்த உருண்டையை வைத்தே பேசலாம்: இதில் பாதி, கூட ஒரு கிண்ணம் கீரை. மே, ஜூன் மாதங்களில் மாம்பழத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தோப்பு வைத்திருப்பவரிடம் பழமே தொடாதே என்றால் நம் முன்னால் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

இன்சுலின் போடச் சொல்லிக்கொடுத்தால் அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. மருந்துக் கடையில் மாற்றி வாங்கினால் அளவு தவறிவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

வீட்டுக்குப் போன பிறகும் பேணல் தொடர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் கிடப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. டிஸ்சார்ஜ் அன்று இதைச் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நாள் அரூர் தாண்டிச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள சிட்டிலிங்கிக்குப் போய் வாருங்கள். மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு கூரைக் குடிசையில் சிகிச்சையைத் தொடங்கி, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலிய வேலைக்குப் பழக்கினார்கள். தன் மொழியில், தன் முறையில் பேசும் ஒருத்தி பக்கத்தில் நின்றால் நோயாளி எப்படி இளகுகிறார் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

படி 7: சாவு வரும் இரவு

பத்தாவது காரணி வாழ்வு, சாவு, அதன் பொருள் என்று நமக்கு விளங்காதவற்றுக்கு இடம் விடுவது. முதல் சாவைப் பார்க்கும் வரை இது வெறும் வரிதான்.

உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் வாயில் ஒரு சங்கு பால் ஊற்ற வேண்டும் என்று மகன் நிற்பான். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டும். "அதெல்லாம் கூடாது, வெளியே போங்க" என்று விரட்டுவது சுலபம். விரட்டினால் அப்பாவுக்குப் பால் ஊற்றவில்லையே என்று அவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான். நான் இப்படிச் செய்கிறேன்: சுத்தமான கட்டுத் துணியைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அவன் கையிலேயே கொடுத்து உதட்டைத் தொட்டு நனைக்கச் சொல்கிறேன். ஏன் ஊற்றக் கூடாது என்றும் சொல்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

முடிந்த பிறகு உடனே படுக்கையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அடுத்த நோயாளி காத்திருப்பார், தெரியும். ஆனாலும் ஸ்கிரீன் இழுத்து ஐந்து நிமிடம் தரலாம். மாட்டியிருந்த ஊசி, குழாய்களை எடுத்து, முகம் துடைத்துக் கண்ணை மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். இலவச அமரர் ஊர்தி உண்டு என்று சொல்லி, ஏற்பாடு செய்ய உதவுங்கள். பென்னாகரம் தாண்டி ஏதோ ஒரு மலைக் கிராமத்துக்கு வாடகை வண்டி பிடிக்கக் காசில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு டியூட்டி முடிந்து போகும்போது உங்களுக்கும் அழுகை வரலாம். வந்தால் அழுங்கள், கூட இருக்கும் அக்காவிடம் சொல்லுங்கள். வாட்சன் தன்னைப் பேணுவதையும் பேணலில் சேர்த்துத்தான் சொல்கிறார். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பழகாதீர்கள்.

படி 8: அடுத்த டியூட்டிக்குக் கைமாற்றும்போது

ஹேண்ட் ஓவரில் பி.பி., டிரிப், மருந்து, ரிப்போர்ட் எல்லாம் வரிசையாகச் சொல்வோம். அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் ஷீட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் வாரம் சங்கடமாக இருக்கும், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். விடாதீர்கள், இரண்டாவது வாரம் அவர்களே கேட்பார்கள். உங்களுக்கு ஒரு நோயாளியைப் பற்றி அந்த ஒரு வரி கிடைக்கவில்லை என்றால், அவரிடம் இன்னும் நீங்கள் போய் நிற்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு முறை போய் வாருங்கள்.

நான் நேற்று சொன்னது இது: "ஏழாம் படுக்கைப் பாட்டிக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நின்னு பேசுங்க. கண்ணாடி தலகாணிக்கு அடியில இருக்கு. மருமக காரிமங்கலத்துல இருந்து முதல் பஸ்ல வருது, அதுவரைக்கும் காபி மட்டும் நாம வாங்கித் தரணும், சர்க்கரை போடாம."